பேன் பார்க்கப் போன கணக்கு டீச்சர்

ஃபிலோமினா டீச்சர் இறந்த செய்தி எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் குப்பம்மாவுக்குப் போயிருக்கிறது.

அன்று ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் அன்றைக்குப் பள்ளி கிடையாது. பேருந்துகளையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மடத்து வாசலில் நின்று காவடிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் உடுத்திய கூட்டத்தை விலக்கிக்கொண்டு குப்பம்மா வந்தார். கனகம்மாசத்திரத்தை அடுத்த ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் குடும்பத்தைச் சேர்ந்தவர்; எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பொன்னியின் அம்மா. கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: "டீச்சர் பூட்டாங்க சிஸ்டர். காலைல நெஞ்ச வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாங்களாம், அப்டியே சாஞ்சிட்டாங்களாம். நாங்க அரக்கோணம் போறோம். நீங்க வரீங்களா இன்னான்னு கேட்டுனு போலாம்னு வந்தேன்."

பள்ளியின் தலைமையாசிரியை நான். இறந்தவர் என் ஆசிரியை, அடுத்த ஆண்டு ஓய்வு பெற வேண்டியவர். அவருடைய கணவர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஏரிக்கரைக்குக் கூப்பிட்டிருக்கிறார். சாவு வீட்டுக்கு நான் வருகிறேனா என்று குப்பம்மா கேட்கிறார், சொந்தக்காரர்கள் அசலாரைக் கேட்பதுபோல. கண்ணீர் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. டீச்சரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் படித்தவர்கள் என்று இதைப் படிக்கும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நீங்களும் ஒரு தடவையாவது அவர்மேல் பொறாமைப்பட்டிருப்பீர்கள். நான் அந்தப் படிப்பில் முனைவர் பட்டமே வாங்கியவள்.

அவர் அப்படியொன்றும் பக்திமான் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடக்கத் திருப்பலியில் ஃபாதர் வேறு மாதிரி பேசினார். முதல் வெள்ளித் திருப்பலிக்குப் பாதியில்தான் வருவார். மின்சார ரயில் தாமதம் என்பார். அரக்கோணத்திலிருந்து வரும் மற்ற ஆசிரியைகள் அதே ரயிலில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டுத் தியானத்தில் கடைசி பெஞ்சில் சாய்ந்து தூங்குவார். எழுப்பினால், "கண்ண மூடினாதான் ஜெபம்னு நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க" என்பார். பெரிய குரல். கரும்பலகையில் அவர் எழுதும் எட்டு மட்டும் எப்போதும் படுத்துக்கொண்டிருக்கும். அவர் விடுப்பு எடுத்த நாளில் பிள்ளைகள் என் அறை வாசலுக்கே வந்து, "கணக்கு மிஸ் ஏன் வரல?" என்று கேட்பார்கள். நான் நீதிபோதனை வகுப்புக்குப் போகாத நாட்களில் என்னை யாரும் தேடி வந்ததில்லை.

நான் இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முந்தைய தை மாதம் நடந்ததைச் சொல்லாமல் டீச்சரைப் பற்றிச் சொல்ல முடியாது. மடத்து விடுதியில் பேன் தொல்லை. அப்போது விடுதியைக் கவனித்த சகோதரி, மலையடிவாரத்தில் மொட்டை போடுகிற ஒருவரை வரவழைத்து, சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் மழித்துவிடச் சொன்னார். வேறு ஊரில் யாராவது யோசித்திருப்பார்கள். இங்கே தெருவில் இறங்கினால் எதிரே வருகிற தலைகளில் பாதி மொட்டை. வந்தவரும் கைப்பழக்கத்தில், மழித்த தலைகளுக்கெல்லாம் சந்தனத்தை அப்பிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலைகளில் ஒன்று பொன்னியுடையது. அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு.

அந்த முடி அவர்கள் குலதெய்வம் கன்னியம்மாவுக்கு நேர்ந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தவள் பொன்னி. பிழைத்தால், மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடும்போது முடி இறக்குவதாகக் குப்பம்மா வேண்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு தடங்கல். வருகிற மாசிக்குக் கட்டாயம் என்று முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க வந்தவர் சந்தனத் தலையைப் பார்த்தார். "எந்த சாமிக்கு குடுத்தீங்க?" என்றார். "சாமிக்கெல்லாம் இல்லம்மா, பேனுக்காகத்தான்" என்று சகோதரி பதறிப்போய்ச் சொல்லியிருக்கிறார். சமாதானமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை. "அப்போ முடி எங்க?" என்றார் குப்பம்மா. முடியைக் குப்பையோடு கொளுத்தியாகிவிட்டது.

முருகனுக்குக் கொடுத்திருந்தால்கூட, ஒரு சாமியிடமிருந்து இன்னொரு சாமி வாங்கிக்கொண்டதாக மனம் ஆறியிருப்பார்களோ என்னவோ. அன்று மாலையே ஏரிக்கரைப் பிள்ளைகள் அத்தனை பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேளாங்கண்ணிக்கு முடி நேர்ந்துகொள்ளும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். என் தம்பியின் முதல் முடியை அங்கேதான் இறக்கினோம். அவர்கள் வீட்டிலும் ஒரு நேர்த்திக்கடன் இருக்கும் என்று அந்த விடுதியில் ஒருவருக்கும் தோன்றாமல் போயிற்று.

ஜூன் மாதம் நான் வந்து சேர்ந்தேன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பழங்குடியினரோடு ஒப்புரவு பற்றிய பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். கடல் கடந்த நாடுகளில், திருச்சபை நடத்திய விடுதிப் பள்ளிகளில் பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசவிடாமல் தடுத்தார்கள், இன்று திருச்சபை அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். உட்கார்ந்து அழுதேன். திருத்தணியிலும் அதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், சொன்னால் வெட்கம், கடவுள் என்னை இதற்கென்றே அனுப்பியிருக்கிறார் என்று தோன்றியது. அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவருவது என் வேலை, என் ஒருத்தியின் வேலை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பெரிதாக ஒரு வழிபாடு ஏற்பாடு செய்தேன். ஏரிக்கரைக் குடும்பங்களை வேன் வைத்து அழைத்துவந்தோம். மெழுகுவர்த்தி, வாசகம், பாட்டு எல்லாம் முடிந்ததும் ஒலிபெருக்கி முன்னால் முழந்தாளிட்டு, கை கூப்பி, பள்ளியின் பெயரால் மன்னிப்புக் கேட்டேன். குரல் உடைந்தது. ஒவ்வொருவரிடமும் போய், "எங்களை மன்னிச்சிட்டீங்களா?" என்றேன். "ஆங் சிஸ்டர்", "ஆங் சிஸ்டர்" என்றார்கள். குப்பம்மா நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டார். சாப்பாடு போட்டு அனுப்பினோம். மறுநாள் காலை மணி அடித்ததும் நானே போய்க் கேட்டருகில் நின்றேன். ஒரு பிள்ளைகூட வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை.

டீச்சர் என் அறைக்கு வந்தார். "நல்லா பேசுனீங்க சிஸ்டர், எனக்கே கண்ணு கலங்கிடுச்சி. ஆனா அவங்க பயந்துட்டாங்க" என்றார். எதற்குப் பயம் என்றேன். "பெரியவங்க கை கூப்புனா, பின்னாலயே எதனா கேப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். செங்கல் சூளைக்காரரும் அப்டித்தான் கை கூப்பி வேலைக்குக் கூப்புடுவாரு." எனக்குச் சுருக்கென்றது. "நான் என்ன கேட்டேன்? மன்னிப்புதானே கேட்டேன்?" என்றேன். "அதத்தான் சொல்றேன் சிஸ்டர். அவங்க கையில இருக்கறது அந்தக் கோவம் ஒண்ணுதான். அதையும் குடுத்துடுன்னு கேட்டா?" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததால் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தபோதுதான் சனிக்கிழமை சமாச்சாரம் வெளியே வந்தது. பொன்னிக்கு முடி துளிர்க்கத் தொடங்கியதிலிருந்து டீச்சர் சனிக்கிழமைதோறும் ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். பேன் பார்க்க. அடுத்த மாசி மகத்துக்குள் முடி வளர்ந்து, இறக்குகிற பருவத்துக்கு வர வேண்டும். அதுவரை அந்தத் தலையைச் சுத்தமாக வைத்திருப்பது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. "அது விடுதியில நாம பாத்திருக்க வேண்டிய பேன் சிஸ்டர். இப்ப அங்க போய் பாக்கறேன். அவ்ளோதான்" என்றார். பேன் பார்த்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தீர்களா என்று ஆவலாகக் கேட்டேன், மறைமாவட்ட இதழுக்கு எழுதலாமே என்று. "ஐயோ, இல்ல. பேன் பாக்கும்போது பேன்தான் பாத்தேன். பேச்சு குடுத்தா ஈரு தப்பிச்சிடும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். வெறுங்கையோடு போகத் தெரியாததால் பிஸ்கட் பாக்கெட்டுகளோடு போனேன். என்னைக் கண்டதும் யாரோ ஓடி, சாலையோர டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரவல் வாங்கி வந்தார்கள். அந்தக் குடியிருப்பில் அன்றைக்கு இருந்த ஒரே நாற்காலியில் நான். டீச்சர் வேப்பமர நிழலில் கோணியை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பொன்னியின் தலை. அடுத்தடுத்த தலைகள் முறைக்குக் காத்திருந்தன. போன வாரம் வராததற்காகக் குப்பம்மா அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "மழ பேஞ்சா வரமாட்டியா? பேனுக்கு மழ தெரியுமா? புள்ள நாள் முச்சூடும் ரோட்டையே பாத்துக்கினு குந்தினு இருந்துச்சி." டீச்சர், "ஆமா தாயே, தப்புதான் தாயே" என்று சொல்லிக்கொண்டே நகத்தில் பேன் குத்திக்கொண்டிருந்தார். என்னை யாரும் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்குத் தாங்கவில்லை, நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். உடனே அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மறுபடி ஏறிக்கொண்டேன்.

அடுத்த சில நாட்களில் எனக்குத் தலை அரிக்க ஆரம்பித்தது. முக்காட்டுக்குள் பேன். மடத்தில் ஒரே அமளி; தலையணைகள் வெயிலுக்குப் போயின, மூத்த சகோதரி ஒருவர் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து இடத்தைக் காலி செய்தார். அது ஏரிக்கரைப் பேனா அல்லது ஆசிரியர் அறையில் டீச்சரிடமிருந்து தொற்றிய பேனா என்பது இன்றுவரை தெரியாது. ஏரிக்கரைப் பேன் என்றே நம்ப விரும்பினேன். டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

மாசி வந்தது. தவக்காலம் தொடங்கியிருந்தது, அந்த வாரச் சிலுவைப்பாதையை நடத்துவது டீச்சரின் முறை. அவர் வந்து விடுப்புக் கேட்டார். மகாபலிபுரம் போக வேண்டும், ஏரிக்கரை ஜனங்களோடு லாரியில் போகிறேன் என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மிகச் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்: "நானும் வரட்டுமா டீச்சர்?" அவர் சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைக் கொஞ்சம் பார்த்தார். "இந்த வாட்டி வேணாம் சிஸ்டர். நீங்க வந்தா அவங்க ஒங்கள பாத்துக்கணும். அவங்க சாமியப் பாக்கட்டும்" என்றார். நியாயமான பதில்தான். அந்த வெள்ளிக்கிழமை பதினான்கு தலங்களிலும் நான் முழந்தாளிட்டேன், ஒன்றிலும் ஆண்டவர் என் நினைவில் இல்லை. கடற்கரை மணலில் டீச்சர் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் நின்றது.

திரும்பி வந்து அவர் சொன்னது இன்னும் மோசம். பொன்னியின் தாய்மாமன் வர முடியவில்லை, சூளையில் விடவில்லையாம். முடி இறக்கப் பிள்ளையை மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். விடிகிற வேளை, கன்னியம்மாவுக்குப் படையல் போட்டாகிவிட்டது, எல்லோரும் காத்திருக்கிறார்கள். குப்பம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "டீச்சர், நீ குந்து" என்றாராம். கிறிஸ்தவப் பெண், கணக்கு டீச்சர், அரக்கோணத்துக்காரி. அவர் மடியில் பொன்னியை வைத்து முடி இறக்கினார்கள். "இப்ப நான் தாய்மாமன் சிஸ்டர். காது குத்துக்கு நான்தான் சீர் கொண்டு போவணும்" என்று மூக்குத்தி மின்னச் சிரித்தார். நான் வார்த்தைப்பாடு கொடுத்து, குடும்பம் விட்டு, யாரும் இல்லாதவர்களுக்கு உறவாக இருக்கப் புறப்பட்டு வந்தவள். உறவு அவருக்குக் கிடைத்தது. அதிலும் அந்த 'நீ'. எனக்கு எல்லோரும் இன்றுவரை 'நீங்க'தான்.

ஜூனில் பொன்னி திரும்பி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். கேட்டருகில் நின்ற எனக்கு, "குட் மார்னிங் சிஸ்டர்" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கணக்கு மிஸ் இருக்கும் பக்கம் ஓடினார்கள். வழிபாடும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. நான் ஜெபித்துக் கேட்டது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் என் வழியாக நடக்கவில்லை. நன்றி சொல்லிச் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டபோது கடவுளிடம் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

பின்னொரு ஆண்டு மறைமாவட்டம் 'எதிர்நோக்கு' என்பதைக் கருப்பொருளாகக் கொடுத்தபோது, காலைக் கூட்டத்தில் பேசும்படி டீச்சரை வற்புறுத்தினேன். நன்றாகப் பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும். "எதிர்நோக்குன்னா இன்னான்னு சிஸ்டர் நாளைக்கு வெளக்குவாங்க" என்று ஆரம்பித்தார். "எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். முடி வளரும். மாசத்துக்கு அரை இஞ்ச். யாரு அழுதாலும் வளரும், யாரு சிரிச்சாலும் வளரும். நம்ம வேல, அதுவரைக்கும் பேன் ஏறாம பாத்துக்கறது. உக்காருங்க." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏரிக்கரைப் பிள்ளைகள் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நான் விவிலிய வசனங்களோடு விளக்கினேன். அதில் ஒரு வரியாவது உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

கிருத்திகைக்கு மறுநாள் அரக்கோணத்தில் அடக்கம். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வீட்டில் நான் போகும்போதே ஏரிக்கரைப் பெண்கள் பெட்டியைச் சுற்றி, சொந்தக்காரர்களோடு கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜெபமாலையைத் தொடங்கினேன். அவர்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். யாரும் யாரையும் நிறுத்தவில்லை. "எம் புள்ளய மடியில வெச்சவளே" என்று குப்பம்மா இழுத்தபோது என் அருள்நிறை மரியே எனக்கே கேட்கவில்லை. பொன்னி அழவில்லை. டீச்சரின் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த நரைமுடியை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பெட்டியை மூடுகிறவரை அவளை அங்கிருந்து எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

எல்லாம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டிக்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் குப்பம்மா. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. டீச்சர் இருந்தவரை அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவிட்டதில்லை. இனித் தடுக்க ஆளில்லை என்பதாலாக இருக்கலாம்.

"குப்பம்மா, அந்த முடி விஷயத்துல எங்கள மன்னிச்சிட்டீங்களா?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இல்ல சிஸ்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை. "புள்ளைய அனுப்பறேன், நல்லா படிக்கறா, அது வேற. குப்பையில போட்டுக் கொளுத்தனது எனக்கு இன்னும் ஆறல. டீச்சராண்டயும் சொல்லிக்கினு இருந்தேன். ஆறலன்னா ஆறலன்னே வெச்சிக்க, ஆனா சிஸ்டர் என்னிக்காவது கேட்டா பொய் சொல்லாத, அவங்களுக்கு நெஜம் சொல்லுன்னாங்க. அதான் சொல்றேன்."

பாருங்கள், அதிலும் டீச்சர்தான்.

அவரிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறேன் என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். மடி அவருடையது, திட்டு அவருடையது, 'நீ' அவருடையது. எதுவும் எனக்கு வராது. அந்த 'இல்ல' மட்டும் என்னுடையது. டீச்சர்மேல் ஆறாத வருத்தம் எதுவும் அவர்களுக்கு இல்லாததால், உன்னை மன்னிக்கவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை. ஏரிக்கரையிலிருந்து எனக்கென்று கிடைத்த முதல் உண்மை அது. இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை, ஃபிலோமினா டீச்சருக்கும்கூட.